கிணற்றையும் நிலத்தையும் சேர்த்தே பாருங்கள்: மண், நீர் மாசு பற்றிப் புதிதாகத் தெரிந்துகொள்ள வருவோருக்கு

புதிதாக நிலம் வாங்கியவர்களும் வீட்டோடு தோட்டம் போட நினைப்பவர்களும் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: “தண்ணியை டெஸ்ட்டுக்குக் கொடுத்தேன், நல்லாத்தான் இருக்குன்னு வந்துச்சு. மண்ணையும் பார்க்கணுமா?” பார்க்க வேண்டும். மண்ணைப் பார்க்காமல் வாங்கிய தண்ணீர் அறிக்கை பாதி அறிக்கைதான். இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர் குடிக்க நன்றாக இருந்தது, சோப்பு நுரைத்தது, பருப்பு வெந்தது. அந்த நம்பிக்கையில் மூன்று வருடம் பாய்ச்சினேன். மூன்றாம் வருட மழைக்குப் பிறகு மேல்மண் ஓடு போல இறுகிவிட்டது. ஒரு குடம் ஊற்றினால் அரை நாள் தேங்கி நிற்கும். விதை முளைத்தாலும் ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வர முடியவில்லை. தண்ணீரில் சோடியம் அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு. சோப்பு அவ்வளவு நன்றாக நுரைத்ததற்கும் அதுவே காரணம்.

தண்ணீர் என் மண்ணைக் கெடுத்தது. கெட்ட மண் மழைநீரை உள்ளே விடவில்லை. மழைநீர் இறங்காததால் கிணற்றில் உப்பு இன்னும் கூடியது. இந்தச் சுற்று எல்லா இடத்திலும் ஏதோ ஒரு வடிவில் நடக்கிறது. அது உங்கள் இடத்தில் எப்படி நடக்கிறது என்று கண்டுபிடித்து, சரியான இடத்தில் நிறுத்துவதற்கான வழியை ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: எது ஒட்டும், எது ஓடும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கருவியும் ஆய்வுக்கூடமும் பிறகு. அதற்கு முன் ஒரு விஷயம் மனதில் பதிய வேண்டும். ஒரு மாசு மண்ணில் ஒட்டிக்கொள்ளுமா, தண்ணீரோடு ஓடிவிடுமா? அதை எங்கே தேடுவது, எப்படித் தடுப்பது என்பதெல்லாம் இந்தக் கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது.

களிமண் துகள்களின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருக்கிறது. மக்கிய இலைதழைப் பொருளிலும் அப்படியே. அதனால் நேர்மின்னூட்டம் உள்ளவை மண்ணில் ஒட்டும், எதிர்மின்னூட்டம் உள்ளவை நழுவும். யூரியா போட்டதும் அது முதலில் அம்மோனியமாக மாறுகிறது. அம்மோனியம் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். பிறகு மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட் ஆக்குகின்றன. நைட்ரேட் எதிர்மின்னூட்டம் கொண்டது, மண்ணுக்கு அதைப் பிடித்து வைக்கத் தெரியாது. பயிர் எடுத்தது போக மிச்சம் இருப்பது அடுத்த பெருமழையில் வேருக்குக் கீழே இறங்கி நிலத்தடி நீரைச் சேரும்.

மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், நேர் எதிர். மண்ணில் இறுக ஒட்டிக்கொள்ளும், எளிதில் கீழே இறங்காது. அதனால் ஆபத்தில்லை என்று நினைத்துவிடக் கூடாது. மேல்மண் அரித்துப் போகும்போது அந்த மண்ணோடு சேர்ந்து ஓடைக்கும் ஏரிக்கும் போகும். அங்கே பாசி பெருகும். பாசி செத்து அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜன் தீரும். ஆக்சிஜன் தீர்ந்ததும் அடிச்சேற்றில் இரும்போடு ஒட்டியிருந்த பாஸ்பரஸ் கழன்று மறுபடி தண்ணீருக்கே வரும். கரையிலிருந்து வருவதை முழுதாக நிறுத்திய பிறகும் சில ஏரிகள் வருடக்கணக்கில் பச்சையாகவே கிடப்பது இதனால்தான்.

ஈயம், காட்மியம், துத்தநாகம் போன்ற உலோகங்கள் பொதுவாக ஒட்டுபவை. டி.டி.டி. போன்ற பழைய பூச்சிக்கொல்லிகள் மண்ணின் மக்கோடு ஒட்டிக்கொண்டு வருடக்கணக்கில் கிடக்கும், அரிக்கும் மண்ணோடு சேர்ந்துதான் நகரும். அட்ரசின் போன்ற களைக்கொல்லிகள் தண்ணீரோடு இறங்குபவை. பெட்ரோலும் டீசலும் மண் வழியே இறங்கி நிலத்தடி நீரின் மேல் மிதக்கும். உலோகங்களின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கப் பயன்படும் டிரைகுளோரோஎத்திலீன் தண்ணீரைவிடக் கனமானது. அது நிலத்தடி நீரையும் தாண்டி அடியில் போய்த் தங்கும்.

இரண்டாம் படி: மண் எப்போது கைவிடும் என்று கவனியுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இந்த இடம்தான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். ஒட்டிக்கொண்ட மாசு என்றைக்கும் அங்கேயே இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அமில கார நிலை மாறினால், ஆக்சிஜன் வந்தால் அல்லது போனால், உப்பு கூடினால், மண் தன் பிடியை விடும்.

ஜப்பானின் தொயாமா பகுதியில் ஜின்சூ என்றொரு ஆறு இருக்கிறது. அதன் மேற்பகுதியில் இருந்த கமியோகா சுரங்கத்திலிருந்து காட்மியம் கலந்த கழிவு ஆற்றில் கலந்தது. ஆற்றுநீர் நெல்வயலுக்குப் பாய்ந்தது. வயல் மண் காட்மியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது, நெல் அதை எடுத்தது. அதைச் சாப்பிட்டவர்களின் சிறுநீரகம் கெட்டது, எலும்பு நொறுங்கியது. வலியில் அவர்கள் அலறிய ஒலியே நோய்க்குப் பெயரானது: இத்தாய் இத்தாய், “வலிக்குது, வலிக்குது”. இது மாசினால் வந்த நோய் என்று ஜப்பான் அரசு 1968-இல் ஏற்றுக்கொண்டது. ஆற்றுநீர் தெளிந்துவிட்டது, வயல் தெளியவில்லை. கெட்ட மேல்மண்ணைப் புதைத்து மேலே புதுமண் பரப்பும் வேலை 2012-இல்தான் முடிந்தது.

இதில் நுட்பம் எங்கே என்றால், வயலில் தண்ணீர் தேங்கி ஆக்சிஜன் இல்லாமல் இருக்கும்போது காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாமல் கிடக்கும். அறுவடைக்கு முன் தண்ணீரை வடித்து மண்ணைக் காயவிடும்போது அது கழன்று வேருக்குக் கிடைத்துவிடும்.

ஆர்சனிக் என்ற நச்சு இதற்கு நேர் எதிராக நடக்கும். வங்கதேசத்தில் குளத்துநீரால் வரும் வயிற்று நோய்களிலிருந்து மக்களைக் காப்பாற்றத்தான் 1970-களில் லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் இறக்கினார்கள். இமயமலையிலிருந்து ஆறுகள் கொண்டுவந்து படியவைத்த வண்டலில் இரும்போடு ஒட்டிய ஆர்சனிக் இயற்கையாகவே இருந்தது. ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் இரும்பு கரைந்தபோது ஆர்சனிக்கும் தண்ணீருக்கு வந்தது. கிணற்று நீரில் அது இருப்பது 1993-இல் உறுதியானது. அதே தண்ணீர் வயலுக்கும் பாய்ந்ததால் மேல்மண்ணிலும் ஏறியது. தேங்கிய வயலில் காட்மியம் அடங்கிக் கிடக்கும், ஆர்சனிக் கழன்று வரும். பக்கத்து நிலத்துக்காரர் வயலைக் காயப் போட்டு நல்ல பலன் கண்டார் என்று நீங்களும் அப்படியே செய்தால் உங்கள் இடத்தில் தலைகீழாக முடியலாம். எந்த மாசு என்று பெயர் தெரியாமல் எந்த வைத்தியமும் செய்யாதீர்கள்.

மூன்றாம் படி: நிலத்தைச் சுற்றி நடந்து ஒரு படம் போடுங்கள்

ஒரு தாளை எடுத்துக்கொண்டு நடங்கள். மேடு எது, பள்ளம் எது, மழைநீர் எங்கிருந்து வந்து எங்கே வெளியேறுகிறது என்று அம்புக்குறி போடுங்கள். மழை பெய்யும்போதே குடை பிடித்துக்கொண்டு ஒருமுறை நடந்தால் பத்து நாள் யோசித்தும் தெரியாதது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கிணறு, கழிவறைக் குழி, செப்டிக் டேங்க், மாட்டுத் தொழுவம், உரமும் மருந்தும் வைக்கும் இடம், தெளிப்பான் கழுவும் இடம், டீசல் வைக்கும் இடம், குப்பை எரித்த இடம் எல்லாவற்றையும் குறியுங்கள்.

கழிவறைக் குழிக்கும் கிணற்றுக்கும் குறைந்தது 30 மீட்டர் இடைவெளி வேண்டும். குழியின் அடி, நிலத்தடி நீர்மட்டத்துக்கு ஒன்றரை மீட்டராவது மேலே இருக்க வேண்டும். மழைக்காலத்தில் நீர்மட்டம் ஏறும்போதும் அந்த ஒன்றரை மீட்டர் மிஞ்சுகிறதா என்று பார்க்க வேண்டும். மணல் நிலத்திலும் வெடிப்பு விழுந்த பாறையிலும் 30 மீட்டர்கூடப் போதாமல் போகும், ஏனென்றால் வடிகட்டும் அளவுக்கு நுண்ணிய மண் அங்கே இல்லை.

அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று வயதானவர்களிடம் கேளுங்கள். பட்டறையா, சாயம் போட்ட இடமா, பேட்டரி உடைத்த இடமா, குப்பை கொட்டி மூடிய பள்ளமா? அமெரிக்காவில் நயாகரா ஃபால்ஸ் நகரின் லவ் கெனால் என்ற இடத்தில், பாதியில் விட்ட ஒரு கால்வாயில் ரசாயனக் கழிவைக் கொட்டிக் களிமண்ணால் மூடினார்கள். 1953-க்குப் பிறகு அங்கே பள்ளிக்கூடமும் வீடுகளும் வந்தன. மழைநீரும் பனிநீரும் உள்ளே இறங்கி, வெளியேற வழியில்லாமல், நிரம்பிய தொட்டி போலக் கழிவோடு சேர்ந்து மேலே வந்தன. 1978-இல் நெருக்கடி நிலை அறிவித்து மக்களை அப்புறப்படுத்த வேண்டியதாயிற்று. புதைத்ததை மறுபடி மேலே கொண்டுவந்தது தண்ணீர்தான்.

நான்காம் படி: வீட்டிலேயே மூன்று சோதனைகள்

இவற்றுக்குச் செலவில்லை. பாட்டில், டம்ளர், மண்வெட்டி போதும்.

ஒன்று, பாட்டில் சோதனை. நேரான ஒரு கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை சோப்புத்தூள் போட்டு ஐந்து நிமிடம் நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் தங்கும். வண்டல் ஓரிரு மணி நேரத்தில் தங்கும். களி ஒரு நாளோ அதற்கு மேலோ எடுக்கும். அடுக்குகளை அளந்தால் உங்கள் மண் எந்த ரகம் என்று தெரிந்துவிடும். மணல் மிகுந்திருந்தால் முதல் கவலை கிணறு. களி மிகுந்திருந்தால் மாசு மேல்மண்ணிலேயே தங்கும், மேலாக வழிந்தும் ஓடும்.

இரண்டு, கட்டி சோதனை. எனக்கு மிகவும் பிடித்தது, என் நிலத்தின் நோயைக் காட்டிக்கொடுத்ததும் இதுதான். நன்கு காய்ந்த, பட்டாணி அளவு மண்கட்டிகள் இரண்டு எடுங்கள். இரண்டு கண்ணாடி டம்ளர்களில் ஒன்றில் மழைநீர் (இல்லாவிட்டால் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர்), மற்றதில் உங்கள் கிணற்று நீர். கட்டியை மெதுவாக இறக்கிவிட்டு, கலக்காமல், ஆட்டாமல் விட்டுவிடுங்கள். பத்து நிமிடம் கழித்து ஒருமுறை, இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை பாருங்கள். கட்டி அப்படியே இருந்தால் நல்ல மண். பொலபொலவென்று உதிர்ந்து குவியலாகி, தண்ணீர் மட்டும் தெளிவாக இருந்தால் மண்ணில் மக்கு குறைவு, தொழுவுரம் போட்டு நாளடைவில் சரிசெய்யலாம். கட்டியைச் சுற்றிப் பால் கலந்தது போல மங்கலான வளையம் பரவினால் சோடியம் ஏறிய களர் மண்.

அன்று என் இரண்டு டம்ளர்களும் இரண்டு விதமாகப் பேசின. மழைநீரில் பால் வளையம், கிணற்று நீரில் ஒன்றுமில்லை. கிணற்று நீரில் இருந்த உப்பே களித்துகள்களைச் சேர்த்துப் பிடித்து வைத்திருந்தது. மழைநீரில் அந்த உப்பு இல்லாததால் துகள்கள் பிரிந்து மண்ணின் துளைகளை அடைத்துவிட்டன. கோடை முழுவதும் பாய்ச்சியபோது தெரியாத கேடு முதல் மழையில் வெளிப்பட்டது அப்போதுதான் விளங்கியது. அதனால் இந்தச் சோதனையை ஒரு டம்ளரோடு நிறுத்தாதீர்கள்.

மூன்று, குழிச் சோதனை. ஒரு அடி ஆழக் குழியில் தண்ணீர் நிரப்பி வடியவிடுங்கள். மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எத்தனை சென்டிமீட்டர் இறங்கியது என்று அளந்து எழுதி வையுங்கள். வருடா வருடம் அதே மாதத்தில் செய்தால் மண் திறக்கிறதா மூடுகிறதா என்று சொல்லிவிடும்.

ஐந்தாம் படி: மாதிரி எடுப்பது

தப்பாக எடுத்த மாதிரிக்கு எவ்வளவு நல்ல ஆய்வுக்கூடமும் தப்பான விடைதான் தரும். மண்ணுக்கு, நிலத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து 10 முதல் 20 இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ‘வி’ வடிவக் குழி வெட்டி, பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் சீவி எடுங்கள். வரப்பு, மர நிழல், எருக்குவியல் இருந்த இடம், அண்மையில் உரம் போட்ட இடம் வேண்டாம். பிளாஸ்டிக் வாளியில் கொட்டிக் கலந்து, பரப்பி நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டைத் தள்ளி, அரைக் கிலோ ஆகும்வரை குறையுங்கள். நிழலில் உலர்த்துங்கள். உலோகச் சோதனை என்றால் துத்தநாகம் பூசிய வாளியும் துருப்பிடித்த மண்வெட்டியும் கூடவே கூடாது. துத்தநாகம் மாதிரிக்குள் வந்துவிடும்.

மாசு சந்தேகம் இருந்தால் எல்லா இடத்து மண்ணையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். சந்தேக இடம் தனி, நல்ல இடம் தனி. பாய்ச்சும் நிலம் என்றால் வாய்க்கால் வாய் மண் ஒரு மாதிரி, கடைமடை மண் ஒரு மாதிரி. காரணம் கண்ணுக்கே தெரியும். இரும்பு கலந்த நிலத்தடி நீர் காற்று பட்டதும் செங்காவி நிறமாகப் படியும் இல்லையா, அந்தப் படிவு ஆர்சனிக்கையும் தன்னோடு இழுத்துக்கொண்டு தண்ணீர் நுழையும் இடத்தருகிலேயே தங்கிவிடும். மொத்தமாகக் கலந்த மாதிரியில் அது கரைந்து மறைந்துபோகும். கீழ்மண்ணிலும், 30 முதல் 60 சென்டிமீட்டர் ஆழத்தில், ஒரு மாதிரி எடுத்தால் மாசு இறங்கத் தொடங்கிவிட்டதா என்று தெரியும்.

தண்ணீருக்கு, மோட்டாரைப் பத்து நிமிடமாவது ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள். குழாயில் தேங்கிய தண்ணீர் குழாயின் கதையைத்தான் சொல்லும். கிருமிச் சோதனைக்கு ஆய்வுக்கூடம் தரும் கிருமி நீக்கிய பாட்டில்தான் வேண்டும். பாட்டிலின் வாயில் விரல் படக்கூடாது, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே சேர்க்க வேண்டும். உலோகத்துக்கு அமிலம் இட்ட பாட்டிலை அவர்களே தருவார்கள், அதைக் கழுவிவிடாதீர்கள். பெட்ரோல் வாடை சந்தேகம் என்றால் கண்ணாடி பாட்டிலில் காற்றுக்குமிழ் ஒன்றுகூட இல்லாமல் விளிம்புவரை நிரப்ப வேண்டும். இடம் விட்டால் ஆவியாகி அந்தக் காற்றில் போய்விடும்.

முடிந்தால் மண்ணும் நீரும் ஒரே வாரத்தில் எடுங்கள். ஆறு மாத இடைவெளியில் வந்த இரண்டு அறிக்கைகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பது கடினம்.

ஆறாம் படி: எதைக் கேட்பது, அறிக்கையை எப்படி வாசிப்பது

எல்லாச் சோதனையும் கேட்டால் காசு வீண். அடிப்படையாகத் தண்ணீரில் பி.எச். (அமில கார நிலை), மின்கடத்துதிறன் (கரைந்த உப்பின் அளவைக் காட்டுவது), சோடியம், கால்சியம், மக்னீசியம், பைகார்பனேட், நைட்ரேட், ஈ.கோலை (மலம் கலந்திருப்பதைக் காட்டும் கிருமி). மண்ணில் பி.எச்., மின்கடத்துதிறன், சோடியத்தின் பங்கு, கரிமச்சத்து, மணிச்சத்து. மூன்றாம் படியில் போட்ட படத்தைப் பார்த்து அதற்கேற்ப உலோகமோ எண்ணெயோ பூச்சிமருந்தோ சேருங்கள்.

நைட்ரேட்டில் ஒரு குழி இருக்கிறது, பலர் விழுகிறார்கள். சில அறிக்கைகளில் ‘நைட்ரேட்’ என்றும் சிலவற்றில் ‘நைட்ரேட்-நைட்ரஜன்’ என்றும் இருக்கும். இரண்டும் வேறு கணக்கு. இரண்டாவதை 4.43-ஆல் பெருக்கினால்தான் முதலாவது கிடைக்கும். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட். அறிக்கையில் 15 என்று பார்த்து நிம்மதி அடைந்து, அது நைட்ரேட்-நைட்ரஜன் என்றால், உண்மையில் அது 66. அந்தத் தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால்மாவு கலக்கக் கூடாது. குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாரிக்கும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய இன்னும் செறிவாகும்.

ஆர்சனிக்குக்கும் ஈயத்துக்கும் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், காட்மியத்துக்கு 3 மைக்ரோகிராம், ஃபுளோரைடுக்கு 1.5 மில்லிகிராம். ஈ.கோலை 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. இவை குடிநீருக்கான எண்கள். பாசனத்துக்கு வேறு கணக்கு.

பாசனத்தில் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 0.7 டெசிசீமன்ஸுக்குக் கீழே இருந்தால் பொதுவாகத் தொல்லையில்லை. 3-க்கு மேல் போனால் பெரும்பாலான பயிர் தாங்காது. நடுவில் இருப்பதுதான் ஏமாற்றும். 1 டெசிசீமன்ஸ் என்பது லிட்டருக்கு ஏறக்குறைய 640 மில்லிகிராம் உப்பு. அந்தத் தண்ணீரை ஒரு பருவத்தில் மொத்தம் 50 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு ஏக்கரில் பாய்ச்சினால் சுமார் 1,300 கிலோ உப்பைக் கொட்டியிருப்போம். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு ஆவியாகாது. மழை அதைக் கழுவிக் கீழே இறக்கினால் மண் தப்பும், ஆனால் அந்த உப்பு மறுபடி நிலத்தடி நீரில். தண்ணீர் அறிக்கையை இப்படிப் பெருக்கிப் பார்க்கப் பழகினால், இன்றைய ஒரு சிறிய எண் ஐந்து வருடத்தில் மண்ணில் என்னவாகும் என்று தெரிந்துவிடும்.

மண்ணின் மின்கடத்துதிறன் (நிறைசாற்றில், அதாவது மண்ணைத் தண்ணீரில் முழுதாக ஊறவைத்துப் பிரித்த சாற்றில் அளந்தது) 4-க்கு மேல் என்றால் உவர், அதாவது உப்பு ஏறிய மண். மாற்றுச் சோடியம் (களியில் ஒட்டியிருக்கும் சோடியத்தின் பங்கு) 15 சதவீதத்துக்கு மேலும் பி.எச். 8.5-க்கு மேலும் இருந்தால் களர். இரண்டையும் ஒன்றாக நினைக்காதீர்கள், வைத்தியம் வேறு. உலோக அறிக்கையில் அது ‘மொத்த அளவா’, ‘செடி எடுக்கக்கூடிய அளவா’ என்று கேட்டே தீருங்கள். எந்த அளவு என்று எழுதாமல் எண்ணை மட்டும் தந்த அறிக்கையை ஒருமுறை நான் திருப்பிக் கொடுத்து எழுதி வாங்கியிருக்கிறேன். கேட்பதில் தவறே இல்லை.

ஏழாம் படி: வரிசை மாறாமல் சரிசெய்யுங்கள்

முதலில் வரவை நிறுத்த வேண்டும், பிறகு வழியை அடைக்க வேண்டும், கடைசியில்தான் சுத்தம் செய்ய வேண்டும். பலர் கடைசியிலிருந்து தொடங்கிக் காசையும் காலத்தையும் இழக்கிறார்கள்.

வரவை நிறுத்துவது: தழைச்சத்தை, அதாவது யூரியா போன்ற நைட்ரஜன் உரத்தை, ஒரே தடவையில் கொட்டாமல் பயிரின் தேவைக்குப் பிரித்துக் கொடுங்கள், மழை வரும் நாளில் கொடுக்காதீர்கள். மண்ணில் மணிச்சத்து ஏற்கெனவே மிகுந்திருந்தால் இந்த வருடம் போடவே வேண்டாம். தெளிப்பானைக் கிணற்றடியில் கழுவக் கூடாது. ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து ஒதுங்கும் தண்ணீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றுவதாகப் பலர் நல்ல எண்ணத்தில் சொல்கிறார்கள். உங்கள் தண்ணீரில் இருந்த உப்பெல்லாம் அதில்தான் திரண்டிருக்கிறது. தரை கழுவப் பயன்படுத்துங்கள், ஒரே செடிக்குத் தினமும் ஊற்றாதீர்கள். ஏரி, குட்டையின் அடிவண்டலை அள்ளி நிலத்தில் போடுவதற்கு முன் அதையும் சோதியுங்கள். கழிவுநீர் கலந்த குட்டை என்றால் வருடக்கணக்கான உலோகம் அங்கேதான் தூங்குகிறது. வெயிலில் காய்ந்து காற்றுப் பட்டதும் கந்தகம் அமிலமாகி அதை எழுப்பிவிடும்.

வழியை அடைப்பது: வெறும் மண் தெரியாமல் மூடாக்குப் போடுங்கள். சரிவுக்குக் குறுக்கே வரப்பும், தண்ணீர் வெளியேறும் ஓரத்தில் அடர்ந்த புல்லோ வெட்டிவேரோ இருந்தால் ஓடும் மண் அங்கே தங்கும், மணிச்சத்தும் பூச்சிமருந்தும் அதோடு தங்கும். நைட்ரேட்டுக்கு இந்தப் புல்வரிசை மட்டும் போதாது, அது அடியால் போவது. பயிர் இல்லாத காலத்தில் மிச்சத்தை உறிஞ்ச ஏதாவது ஒரு பயிர் வேரோடு நிலத்தில் இருக்க வேண்டும். கிணற்றைச் சுற்றிச் சுவரும் சிமெண்ட் தளமும் கட்டி மேல்நீர் நேராக விழாமல் பாருங்கள்.

சுத்தம் செய்வது: உவர் மண்ணை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவலாம், வடிகால் இருந்தால் மட்டும். களர் மண்ணை அப்படியே கழுவினால் இன்னும் இறுகும். முதலில் ஜிப்சம் போட வேண்டும். அதிலுள்ள கால்சியம் சோடியத்தைக் களியிலிருந்து தள்ளிவிடும், பிறகு கழுவலாம். அந்தக் கழுவுநீர் எங்கே போகும் என்பதை ஜிப்சம் போடுவதற்கு முன்பே பாருங்கள். கீழே பக்கத்து நிலத்துக்காரரின் ஆழம் குறைந்த கிணறு இருந்தால் உங்கள் சோடியம் அவர் வீட்டுக்குப் போகும்.

அமில மண்ணில் சுண்ணாம்பு போட்டால் காட்மியமும் ஈயமும் அடங்கும். ஆர்சனிக் இருக்கும் மண்ணில் அதே சுண்ணாம்பு அதைக் கழற்றிவிடக்கூடும். மணிச்சத்து உரம் ஈயத்தை இறுக்கிப் பிடிக்கும், ஆர்சனிக்கைத் தள்ளி வெளியேற்றும். உலோகம் உள்ள இடத்தில் கீரையும் கிழங்கும் போடாதீர்கள். காய், பழம் தரும் செடிகள் பொதுவாகக் குறைவாகவே எடுக்கும். பூந்தோட்டம் இன்னும் நல்லது. ஆர்சனிக்கை உறிஞ்சித் தன் இலையில் சேர்க்கும் டெரிஸ் விட்டாட்டா என்ற ஒரு பெரணி உண்டு. அதை நட்டுச் சுத்தம் செய்ய வருடங்கள் ஆகும். அறுத்த இலையை எருக்குழியில் போட்டால் எடுத்த நஞ்சை நீங்களே திருப்பிக் கொடுத்தது போலாகும், அதனால் அபாயக் கழிவாகத்தான் ஒப்படைக்க வேண்டும்.

தோண்டும்போது பெட்ரோல் வாடையோ ரசாயன நெடியோ வந்தால், பீப்பாய் தட்டுப்பட்டால், அங்கேயே நிறுத்திவிடுங்கள். அது தனி ஆளாகச் செய்யும் வேலை இல்லை. குழிக்குள் இறங்காதீர்கள், தீக்குச்சி கிழிக்காதீர்கள், மண்ணை வேறிடத்துக்கு அள்ளாதீர்கள். மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்குச் சொல்லுங்கள்.

எட்டாம் படி: ஒரு நோட்டு வையுங்கள்

மழைக்கு முன் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை தண்ணீரைப் பாருங்கள். முதல் மழைக்குப் பிறகு நைட்ரேட்டும் கிருமியும் ஏறினால் மாசு மேலிருந்து இறங்குகிறது. கடும் கோடையில் உப்பு மட்டும் ஏறினால் நீர்மட்டம் இறங்கி ஆழத்துத் தண்ணீர் வருகிறது. மண் இவ்வளவு வேகமாக மாறாது, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதும். ஜிப்சமோ சுண்ணாம்போ போட்டிருந்தால் அடுத்த வருடமே பாருங்கள். நிலத்தடி நீர் பல இடங்களில் ஒரு நாளைக்குச் சில சென்டிமீட்டர்தான் நகரும். அதனால் இந்த வருடம் மேட்டில் நிறுத்தியதன் பலன் பள்ளத்துக் கிணற்றில் தெரியச் சில வருடங்கள் ஆகலாம். நடுவில் மனம் தளர்ந்து சோதனையை விட்டுவிட வேண்டாம்.

நோட்டில் ஒவ்வொரு மாதிரிக்கும் தேதி, எடுத்த இடம், ஆழம், கடைசியாக மழை பெய்த நாள், கடைசியாக உரம் போட்ட நாள், கிணற்றில் நீர்மட்டம் ஆகியவற்றை எழுதுங்கள். பாட்டில் மேல் பென்சிலால் எழுதிய சீட்டை ஒட்டுங்கள். ஐஸ் பெட்டியில் நனைந்தால் பேனா மை கரைந்துவிடும்.